எறும்பை எடுத்து விட்டவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி. சீட்டில் ஊர்ந்த எறும்பை விரல்நுனியில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே விட்ட பிறகுதான் சாய்ந்தார். என் காலரில் ஏறியதையும் அப்படியே எடுத்துவிட்டார்.

வெளியே கரிசலில் உளுந்து பச்சையாக நின்றது. "இந்த வருசம் வெள்ளாமை எப்படி அண்ணாச்சி?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"தப்பிச்சிரும் சார். ஒரு ஆட்டு மந்தைதான் விழுந்து மேய்ஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தவிட்டுல பூச்சிமருந்தக் கலந்து வரப்போரமா வச்சேன். பாதி மந்தை அங்கனயே செத்துருச்சு."

"ஆட்டுக்காரர்?"

"வெயில்ல அழுதுக்கிட்டு நின்னாரு. மோர் குடுத்து அனுப்புனேன்."

"பிடிச்சுப் பவுண்டுல அடைச்சு அபராதம் கட்ட வச்சிருக்கலாமே?"

அவர் முகத்தில் கோபமில்லை, வெட்கமுமில்லை. "என்னப் பெத்த அய்யா இப்படித்தான் செய்வாரு சார். சின்னப்பிள்ளையில தவிடு வைக்க என்னையத்தான் அனுப்புவாரு. நல்ல மனுசன். எறும்ப மிதிச்சாக்கூட அடி பின்னிருவாரு."

பையிலிருந்து கடலைமிட்டாய் ஒன்றை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த எறும்பை மெல்ல ஊதிவிட்டு என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

அவரைக் கண்டு பயந்தது விளாத்திகுளம் வரைக்கும்தான். இறங்கி நடக்கும்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. எனக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்ததும் என் அப்பாதான். அவரும் நல்ல மனிதர்தான்.