கோபுரம் தெரிந்த கட்டில்

போன வாரம் ராஜபாளையத்தில், நான் பாடம் நடத்தும் நர்சிங் கல்லூரியில், முன்வரிசைப் பெண் ஒருத்தி தலையில் துளசி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். செய்முறை வகுப்பில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கை இன்னும் காயவில்லை. துளசியும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை என் மேசை வரைக்கும் வந்தது. 'செவிலியரின் சட்டப் பொறுப்பு' என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது. மேடத்துக்குப் பாடம் மறந்துபோச்சு என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை அது நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு மறதி இல்லை.

அந்த வாசனைக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். படிப்பு முடித்த கையோடு நானும் என்னோடு படித்த ரூத்தும் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் மாடி வார்டு. நான் தேவதானத்துக்காரி. ரூத் ஆலங்குளத்துக்காரி, அவள் அப்பாவுக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை. கோயிலிலிருந்து யாராவது துளசி கொண்டுவந்து நோயாளியின் தலைமாட்டில் வைப்பார்கள். நாங்கள் ஸ்பிரிட் பஞ்சோடு போவோம். இரண்டும் சேர்ந்துதான் அந்த வார்டின் மூச்சே.

அந்தப் பெண்கள் வார்டில் சன்னலோரம் இருந்தது ஏழாம் கட்டில். அதில் படுத்தால் கோபுரம் தெரியும். தலையைத் தூக்க வேண்டாம், கண்ணைத் திறந்தால் போதும். அதனால் எங்கள் வார்டில் ஒரு பழக்கம் தானாக வளர்ந்திருந்தது. மறுநாள் ஆபரேஷன் யாருக்கோ, அவருக்கு ஏழாம் கட்டில்காரர் இடத்தை விட்டுக்கொடுப்பார். எங்களிடம் யாரும் கேட்பதில்லை. பெரிய டாக்டருக்கும் இதில் பெருமைதான். "எங்க ஆஸ்பத்திரியில கோபுரத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்கலாம்" என்று அவரே சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சேர்ப்பார்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பெண்கள் வார்டு என்றால் ஆண்டாள் இல்லாத நாள் கிடையாது. சில நாள் இரண்டு ஆண்டாள், சில நாள் மூன்று. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வார்டே எழுந்து உட்காரும். ஆகவே நாங்கள் கட்டில் எண்ணைத்தான் பேராக வைத்திருந்தோம். "ஏழுக்கு ஊசி", "மூணுக்குக் கஞ்சி". கேஸ் ஷீட்டும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். ஆள் மாறினாலும் அது மாறாது. அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ரூத்துக்கு அந்தச் சன்னல்மேல் தனிப் பிரியம். வெளிச்சமும் காற்றும் பாதி வைத்தியம் என்று நர்சிங் தியரியில் முதல் பாடமாகப் படித்திருக்கிறோம். நான் அதைப் பரீட்சைக்குப் படித்தேன். அவள் நம்பிப் படித்தாள்.

"ஏட்டி, நீ கவனிச்சியா? சன்னலோரம் படுத்தவிய வலி மாத்திரை அம்புட்டாக் கேக்குறதில்ல."

"கோபுரத்தப் பாத்துச் சாமி கும்பிட்டுக்கிட்டு இருப்பாவ. மாத்திர கேக்க நேரமேது?"

"சிரிக்காத. எம்.எஸ்ஸி. சேந்து இதத்தான் நான் ஆராய்ச்சி பண்ணப் போறேன். நீ வேணா பாரு."

பைபிள் வாசிக்கிறவள், ஆண்டாள் கோயில் கோபுரத்தை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று நான் கேலி செய்வேன். அவள் கோபிக்க மாட்டாள்.

அது நடந்த அன்று ரூத் விடுப்பு முடிந்து மதிய ட்யூட்டிக்கு வந்திருந்தாள். வார்டில் இரண்டு ஆண்டாள்கள். ஏழாம் கட்டிலில் மில்லுக்குப் போகும் இளவயதுப் பெண், காய்ச்சலுக்காகச் சேர்ந்தவள். அவளுக்கு வேளாவேளைக்குப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் கட்டிலில் கூமாப்பட்டியிலிருந்து வந்த, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டு அம்மா. மறுநாள் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அவருக்குப் பென்சிலின் ஆகாது. சேரும்போதே சொல்லி, அவர் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியும் இருந்தது.

"நாளைக்கு ஆபரேசனுக்குப் போறிய, செத்த நேரம் இங்கன படுங்க மதினி" என்று மில் பெண் இடம் மாறிக்கொடுத்துவிட்டு, டீ குடிக்க வராந்தாவுக்குப் போயிருக்கிறாள். மதினி என்றுதான் கூப்பிட்டாள். வார்டில் இரண்டு நாள் பக்கத்தில் படுத்தால் உறவு வந்துவிடும்.

படியில் இறங்கிக்கொண்டே பெரிய டாக்டர், "ஏழுக்கு ஊசி போட்டாச்சா?" என்றார். ரூத் ட்ரேயோடு போனாள். ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் ஏழாம் கட்டிலின் கேஸ் ஷீட். "ஆண்டாளம்மாதான?" என்று கேட்டாள். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பாமலே, "ஆமாம்மா" என்றார். கையை அவரே நீட்டினார்.

கீழே ஆபரேஷன் தியேட்டரில் இருந்த என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. நான் போனபோது ரூத் அந்த அம்மாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். மாற்று ஊசிகளெல்லாம் போட்டாகிவிட்டது. மில் பெண் டீ டம்ளரோடு வாசலில் நின்றாள். தலைமாட்டில் துளசி வாடக்கூட இல்லை, அந்த அம்மா போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ரொம்ப அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்களை நிமிர்ந்தும் பார்க்காத பெரிய டாக்டர், ரூத்தைத் தன் அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "பயப்படாதம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாராம். வெளியே வந்தவள் முகம் வெளிறியிருந்தது.

"ஏட்டி, இவுக இம்புட்டு அன்பாப் பேசுனதே இல்லயே" என்றாள்.

விசாரணையில் கவனக்குறைவு அவளுடையது மட்டும்தான் என்று முடிவானால் நர்ஸ் பதிவே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். படித்தது, ஆராய்ச்சி, எல்லாமே அந்தப் பதிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி சார்பில் விசாரிக்க வெளியூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். வார்டிலேயே விசாரணை. மில் பெண்ணை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். "நோயாளிங்க கட்டில் மாத்திப் படுக்குற வழக்கம் உண்டா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஆயாக்கள், மற்ற நர்சுகள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "அப்படியெல்லாம் இல்ல சார்." அவர்கள் பிழைப்பு அப்படி, குறை சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். ஆனால் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

என் முறை வந்தது. "உண்டு சார். ஏழுல படுத்தா சன்னல்ல கோபுரம் தெரியும். அதுக்குத்தான் மாத்துவாவ. டாக்டருக்கும் தெரியும்" என்றேன்.

"எந்தச் சன்னல்?"

கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் ஓர் இரும்பு பீரோ நின்றது. முந்தின நாள் நான் வீட்டுக்குப் போகும்போது அது அங்கே இல்லை. சன்னலை முழுக்க மறைத்து, பச்சைப் பெயிண்ட் மினுங்க நின்றது.

"அதுக்குப் பின்னாடிதான் சார். நகத்திப் பாருங்க."

வக்கீல் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ அந்தப் பொண்ணுக்குக் கூட்டுக்காரி, கூடப் படிச்சவ" என்று பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார். வக்கீல் பேனாவை மூடினார். "அதெல்லாம் தேவையில்லம்மா, நீங்க போகலாம்." ரூத் அந்தப் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அறிக்கையின்பேரில் ரூத்தின் பதிவு போயிற்று. பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனபோது, "அந்த அம்மாகிட்ட எந்த ஊருன்னும் நான் கேட்டிருக்கணும். ஆண்டாளான்னு மட்டும் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான். ஆனா நான் மட்டுமா?" என்றாள். பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. ஒருமுறை ஆலங்குளம் போய்ப் பார்த்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் எங்கேயோ போய்விட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். என் மாணவிகள் சட்டப் பாடத்தில் கவனக்குறைவு பற்றி அழகாக எழுதுகிறார்கள். ஊசி போட்டவரே பொறுப்பு என்று அடிக்கோடும் போடுகிறார்கள். நான் மதிப்பெண் போடுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியை இப்போது வேறு யாரோ வாங்கிப் பெரிதாக்கிவிட்டார்கள். நேற்று பிள்ளைகளைப் பயிற்சிக்காக அங்கே கூட்டிப்போனேன். எல்லார் மணிக்கட்டிலும் பேரும் எண்ணும் போட்ட பட்டை. யாரும் யாருக்கும் கட்டிலை விட்டுக்கொடுப்பதில்லை. நல்லதுதான். நான் போராடிக் கேட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். துளசி உள்ளே கொண்டுவரக் கூடாதாம். சன்னல் இருந்த இடம் ஏசிக்காகச் செங்கல் வைத்துப் பூசி, வெள்ளையடித்த சுவராகிவிட்டது.

அந்தச் சுவரோரம் படுத்திருந்த அம்மா ஒருத்தர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். மறுநாள் அவருக்கு ஆபரேஷன்.

"கோபுரம் எந்தப் பக்கம் தாயி?"

கையை நீட்டினேன். அன்றைக்கு நீட்டிய அதே இடம்தான். அவர் சந்தேகமே படவில்லை. புரண்டு படுத்து, வெறும் சுவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.