பாயின் அகர் அத்தர்

காலை பத்து மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெரியவரின் கால் கட்டு. ஆறாத புண்ணின் வாடையை மறைக்க, கட்டின்மேல் அகில் மரத்திலிருந்து எடுக்கும் அகர் அத்தரை ஊற்றியிருந்தார். அப்போதுதான் பிளந்த மரத்தின் மணம் அடித்தது.

"கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு பட்டியில சாயங்காலம் எம்பொண்ணுக்கு நிக்காஹ். இருந்த அத்தர் பூராத்தையும் ஊத்திட்டேன். மாப்பிள்ளைய விட நான்தான் ஜாஸ்தி மணக்கிறேன்" என்று சிரித்தார்.

அந்தப் பக்கம் போகும் ஒரே பஸ் பழுதாகி வரவில்லை, இருவரும் காத்திருந்தோம். நண்பகலில் மணம் மழைக்காட்டு மண்போலத் தணிந்தது. மாலையில் காய்ந்த மரப்பட்டையின் வாசம் லேசாக மிஞ்சியது. அதையும் மீறிப் புண் நாறியது.

"என் மூக்குக்குப் பழகிப்போச்சு. அத்தர் இருக்குதா, நீங்க சொல்லுங்க தம்பி."

"கம்மியாயிடுச்சு பாய்."

"சபையில எல்லாரும் மூக்கப் பொத்துவாங்க. எம்பொண்ணு அதப் பார்க்க வேணாம்."

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது. அவர் ஏறவில்லை.