மாப்பிள்ளை நடத்திய மில்

துடியலூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அவிநாசிப் பக்கம் எங்களுக்கு ஒரு நூல் மில் உண்டு. பங்கு முழுதும் எங்கள் கம்பெனியுடையது. நடத்தியது மட்டும் முதலாளியின் தங்கை வீட்டுக்காரர். இப்படிப்பட்ட துணை நிறுவனத்தில் போட்ட முதலைத் தாய்க் கம்பெனி தன் கணக்கில் போட்டபடியே வைத்திருக்கலாம். ஆனால் அது திரும்பாது என்று தெரிந்தால் மதிப்பைக் குறைத்தே ஆகவேண்டும். மில் நின்று நாளாகிவிட்டது. மாப்பிள்ளையோ வருஷா வருஷம், “அடுத்த சீசன்ல ஓட்டிப்போடலாங்க” என்று சொல்லி அனுப்புவார். அதை நம்பி நாங்களும் குறைக்காமலே காலத்தை ஓட்டினோம்.

இந்த முறை ஆடிட்டர் அசையவில்லை. குறைக்காவிட்டால் கையெழுத்து கிடையாது என்றுவிட்டார்.

“சைபர்னு எழுதிப்போட்டா என் தங்கச்சி மூஞ்சில எப்படி அம்மணி முழிக்கறது?” என்றார் முதலாளி.

“மில்லு ஏன் நின்னுச்சுன்னு அவர்கிட்ட கேட்டீங்களாங்க?”

“மாப்பிள்ளைகிட்ட கணக்குக் கேக்கற பழக்கம் எங்க ஊட்ல இல்ல அம்மணி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச் செலவுக்குக்கூட என்னிடம் பில் கேட்கிற மனுஷன்! பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்தால் பக்கத்தில் நின்று பரிமாறுவார். மில்லைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

கடைசியில், மில்லின் நிலவரத்தை நேரில் பார்த்துவர என்னைத்தான் அனுப்பினார். மாப்பிள்ளை தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். மெஷின்கள் இருந்த இடத்தில் தரையில் போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“போன மாசந்தான் வித்து ஆளுங்க சம்பளத்த முடிச்சுப்போட்டேனுங்க. மிச்சம் ஒண்ணுமில்லீங்க, சைபர்னே எழுதிக்கோங்க” என்றார். “நஷ்டம் வந்த மொத வருசமே மச்சான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பேனுங்க. நானா போயி எப்படிங்க சொல்றது? மருவாதி குடுத்துக் குடுத்தே என்னை ஊமையாக்கிப்போட்டாருங்க.”

கொண்டுபோன நோட்டில் சைபர் என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். மில்லின் மதிப்பைச் சைபராக்கிய கணக்கில் அவர் கையெழுத்துப் போட்டார்.

“இப்பவாச்சும் ஒரு போன் பண்ணிக் கேளுங்க” என்றேன்.

போனை எடுத்தார். மாப்பிள்ளையின் நம்பரைப் பார்த்தபடியே இருந்தார்.

“என்னன்னு அம்மணி கேக்கறது?” என்றார்.