பலூன் உடையவில்லை

பல்செட் செய்கிறவனுடைய அக்கா என்றுதான் தெருவில் அவளைச் சொல்வார்கள். லாட்ஜ் ஒன்றின் சலவையறையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. பெற்றோர் போன பிறகு வீட்டில் அவளும் தம்பியும்தான். முன்னறையில் அவன் பிளாஸ்டரில் பல் அச்சு வார்த்து, சின்ன டிரில்லால் ராவிக்கொண்டிருப்பான்.

தம்பிக்குத் தலைவலி. வந்தால் மூன்று நாள் சுவரில் முட்டிக்கொள்வான். மாத்திரைகள் கைவிட்ட சமயத்தில், பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தான். அதன் பிறகு சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே மண்டையில ஓட்டை போட்டிருக்காங்கக்கா, கல்லால சுரண்டி! தோண்டியெடுத்த மண்டையோட்டுல ஓட்டையோட விளிம்பு ஆறியிருக்கு. ஆள் பொழைச்சிருக்கான்னுதானே அர்த்தம்?"

"பொழைக்காதவன் எத்தனை பேருடா?"

"ரத்தம் நல்லா ஓடுமாம். வலி போயிடுமாம். மனசு குழந்தை மாதிரி லேசாயிடுமாம்."

"எல்லாமே 'மாம்'தானா?" என்று சிரித்து மழுப்பினாள்.

ஒருநாள் இஸ்திரி மெஷின் பழுதாகி, மதியமே வீடு திரும்பினாள். மேஜைக்கடியில் தலையளவு பிளாஸ்டர் ஓடுகள் ஏழு கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் வட்டமாக ஓர் ஓட்டை. ஏழாவது ஓடு ஒன்றை அவன் தூக்கிக் காட்டினான். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன்.

"பாருக்கா, ஓடு மட்டும்தான் துளைஞ்சிருக்கு. பலூன் உடையல!"

பல வருடமாகக் காணாத சந்தோஷம் அவன் முகத்தில். குனிந்தபோது, உச்சந்தலையில் காசளவு மழித்திருந்தது தெரிந்தது.

"நாளைக்கு லீவு போடு. தலை ஆடாமப் புடிச்சுக்கணும். நீ மாட்டேன்னா தனியாவே போட்டுக்குவேன்."

டிரில்லை ஒளித்தால் வேறு வாங்குவான். கத்தினால், அவள் வேலைக்குப் போகும்வரை காத்திருப்பான். மறுநாள் காலை ஸ்டூலில் அவளே போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"முதல்ல எனக்குப் போடு."

"உனக்கெதுக்குக்கா?"

"நல்லதுன்னா அக்காவுக்கும் செய்டா."

மறுத்துவிடுவான் என்று நினைத்திருந்தாள். அவன் முடியை வகிர்ந்து பென்சிலால் வட்டம் போட்டான். மோட்டார் ஓடியது. காற்று மண்டைத்தோலில் பட்டது. நிறுத்துவானா மாட்டானா, அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டூலை இறுகப் பிடித்திருந்தும் சிறுநீர் பிரிந்து புடவை நனைந்துவிட்டது. ஒரு முடிக்கற்றை டிரில்லில் சுற்றி வெடுக்கென்று இழுத்தது. அலறினாள்.

சத்தம் நின்றது. அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். "என்னால முடியலக்கா."

அன்றே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மழித்த இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார்.

"உள்ள ரத்தம் கட்டிக்கிட்டா நாங்களே துளை போடுவோம். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி. துளை போட்டா அது போகும்னு எந்த ஆதாரமும் இல்ல. சீழ் வெச்சா உயிர்தான் போகும்."

மருந்து மாறியது. வலி இப்போதும் வருகிறது, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். வற்புறுத்தி, தொழிலை அடுத்த தெருவில் ஒரு வாடகை அறைக்கு மாற்றவைத்தாள். எங்க அக்காவுக்குப் பயமே கிடையாது என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறான். அவள் மறுப்பதில்லை. சாப்பாடு கொண்டுபோகும்போது உள்ளே மோட்டார் ஓடினால், அது நிற்கும்வரை தெருவிலேயே நின்றுவிடுகிறாள்.