பெட்டைகளின் கூடையில் வெறும் தண்டு

பண்ணையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாருமில்லை; எல்லோருக்கும் அவர் 'தராசு'. கடலைக்கொடிக் கட்டு ஒன்றைக் கையில் தூக்கினாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். நூறு கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு. அதனால்தான், அறுவடைக் கழிவை மட்டும் தின்று ஆட்டுக்குட்டிகள் எவ்வளவு தேறும் என்று பார்க்க நினைத்த கால்நடை டாக்டரம்மா, தீவனப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். பத்துக் கிடாக்குட்டி, பத்துப் பெட்டைக்குட்டி. ஒரே வயது, ஒரே அளவு தீவனம், பட்டி மட்டும் தனித்தனி.

மூன்று மாதம் முடிந்த அன்று எடை போட்டார்கள். அதே பண்ணையில் வேலை பார்க்கும் அவருடைய மகள்தான் எழுதிக்கொண்டாள். கிடாக்கள் கொழுகொழுவென்று நின்றன. பெட்டைகளுக்கு விலா எலும்பை எண்ணலாம்.

"பெட்டை கொஞ்சம் கம்மியாத்தான் வளரும். அதுக்குன்னு இவ்வளவு கம்மியாவா? இதுங்களுக்கு இந்தத் தீவனம் ஒத்துக்கல. நாளைக்குக் கறிக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா. "அளவுல ஒண்ணும் தப்பில்லையே?"

"எங்கப்பா கையில தப்பு வராதும்மா" என்றாள் மகள், பட்டென்று.

தராசு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அளவில் தப்பில்லைதான். ஆனால் தினமும் கொடிக் கட்டைப் பிரித்ததும் கிடாக்களின் கூடைக்கு மேலே பிடித்து நாலு உதறு உதறுவார். சத்துள்ள காய்ந்த இலையெல்லாம் அதில் கொட்டும். மிச்சமிருக்கும் வெறும் தண்டு பெட்டைகளின் கூடைக்கு. அப்புறம்தான் இரண்டையும் எடை போட்டுச் சரிசெய்வார். கிராம் பிசகாது.

வஞ்சகம் என்று எதுவுமில்லை, கை அப்படிப் பழகியிருந்தது. எங்கே பழகியது என்று யோசித்தபோதுதான் அவருக்கு உடம்பு கூசியது. மனைவி விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவாள்; பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தது அவர்தான். பாலேடெல்லாம் மகன் டம்ளரில். மகளுக்கு அடிப்பால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாரு, ரெண்டும் ஒரே மட்டம்" என்று பெருமையடித்துக்கொள்வார். அவள் இரண்டு டம்ளரையும் ஒரு தரம் பார்ப்பாள், தன்னுடையதைக் குடித்துவிட்டுப் போவாள்.

இப்போது சும்மா இருந்தால் பெயர் தப்பிக்கும். பத்து உயிரும் விடிந்தால் வண்டியேறும்.

"அனுப்பாதீங்கம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "தப்பு தீவனத்துல இல்ல. என் கையில." உதறியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூணு மாச வேலை போச்சே! சரி, பெட்டைங்க இங்கயே இருக்கட்டும். இனிமே கொடியப் பொடியா வெட்டிக் கலந்துதான் ரெண்டு கூடையிலயும் போடணும்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

மகள் நோட்டை மூடினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பாலேடு மாதிரியாப்பா?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தராசு ஆமென்று தலையசைத்தார், நிமிரவில்லை.