முதல் பீஸும் கற்றாழையும்

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடலாம், அதில் அச்சடித்த எழுத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ‘சக்குலன்ட்’ என்ற சொல்லுக்கு எனக்கு முதலில் அர்த்தம் சொன்னது என் மூத்த மகள், போன ஆடி மாதம், போனில். என்னைப் போல எட்டாவதோடு நின்றுவிட்டு, தினமும் இங்கிலீஷை மடித்து அடுக்குகிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

பொட்டு வைத்த பாவம்

எந்த ஆர்டரானாலும் முதல் பீஸை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, நான் சந்தனம் தொட்ட பிறகுதான் பெட்டி ஒட்டுவார்கள். ஒரு தடவை அப்படிப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பனியனில் இருந்தது கெட்ட வார்த்தையாம். தெரிந்ததும் மூன்று நாள் விரதம் இருந்தேன். அதனால் ஆடியில் வந்த ஆர்டரின் முதல் பனியனில் கற்றாழைப் படமும் கீழே ‘சக்குலன்ட்’ என்று புரியாத சொல்லும் இருக்கவும், கை சந்தனத்துக்குப் போகவில்லை. நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி கிளம்பியாக வேண்டும். பேக்கிங் மாஸ்டர் ரஹீம் பாய் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, உங்க சாமி பொறுத்துக்குவாருங்க, கப்பல் பொறுக்காதுங்க.”

ஆபீஸ் ரூமில்

ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் அடிக்கிற மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் பனியனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் எழுத்தின் உயரத்தை அளந்து பார்த்தாள், கலரை ஒத்துப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். அர்த்தம் என்ன கண்ணு என்றேன். “அது ஆர்டர்ல இல்லீங்கம்மா.”

போனில் வந்த சாறு

கடைசியில் மகளைக் கூப்பிட்டேன். சாறு நிறைந்தது என்று அர்த்தமாம். லத்தீன் பாஷையில் சாற்றுக்கு ‘சுக்குஸ்’ என்று பேராம், அதிலிருந்து வந்ததாம். பழத்துக்கும் சொல்வார்களாம், இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற கற்றாழை மாதிரிச் செடிக்கும் அதுதான் பேராம். கேட்டுக்கொண்டிருந்த ரஹீம் பாய் கம்பெனி வாசலைக் கை காட்டினார். திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணியும் இல்லாமல் இரண்டு வருஷமாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பச்சையாக இருந்தது. “வாசல்ல இருக்கறதுக்கா அக்கா இத்தனை நேரம் அர்த்தம் தேடுனீங்க?”

முருகா என்று சந்தனத்தைத் தொட்டேன். அப்போது பார்த்து, பெட்டி ஒட்டுகிற செல்வி வாசலையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏனுங்கக்கா, இதுல வேர் கீழ இருக்குதுங்களே, படத்தைத் தலைகீழா அடிச்சுட்டாங்களா?”

லாரி நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பியது. சாறெல்லாம் பனியனோடு கப்பலேறிவிட, நாங்கள்தான் சக்கையாக வீடு வந்து சேர்ந்தோம். இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பனியனோடு கோயிலுக்குப் போகிறவர்கள், யாரிடமாவது ஒரு தடவை அர்த்தம் கேட்டுவிட்டுப் போங்க சாமி.