வெள்ளிக்கிழமை லைன்

போன மாதத் தொடக்கத்தில் எங்கள் முதலாளி என் ஷீட்டைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாக ஒன்று சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை.

"ஸ்ரீரங்கம் லைனை பாய்கிட்டேர்ந்து எடுத்துடலாம்மா. வசூலே சரியில்ல."

புத்தூரில் ஊதுபத்தி, கற்பூரம் மொத்த வியாபாரம். அங்கே கணக்கு எழுதுவது நான். எந்த ஏரியாவில் எவ்வளவு விற்றது, எந்த பில் முப்பது நாள் தாண்டியும் நிற்கிறது - எல்லாம் ஒரே ஷீட்டில் தெரியும். நாள் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த ஷீட்டை யோசித்து யோசித்துப் போட்டவளும் நான். பெருமை இருக்காதா?

விற்பனையில் ஸ்ரீரங்கம்தான் முதலிடம். சிவப்பிலும் அதுவே முதலிடம். இரண்டு மாதமாகத்தான் இப்படி. ஸ்ரீரங்கம் கடைகளைச் சுற்றிவரும் அந்த லைன் போனால் சேல்ஸ்மேன் ஜமால் பாய்க்குப் பாதி கமிஷன் போய்விடும். மகளை காலேஜில் சேர்த்திருக்கும் வருடம்...

பதினைந்து வருடமாக வசூல் செய்கிறவருக்குத் திடீரென்று என்ன ஆனது? ஷீட்டில் பதில் இல்லை. அடுத்த முறை நானும் பாயோடு வேனில் ஏறிக்கொண்டேன்.

முதல் கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்த அம்மா சரக்கை எண்ணி வாங்கிக்கொண்டார். பழைய பில்லை நீட்டினேன்.

"படிச்ச பொண்ணாட்டம் இருக்க. வெள்ளிக்கிழமை அதுவுமா கல்லாவுலேர்ந்து காச எடுத்துக் குடுங்கன்னு கேக்குறியே?"

"ஃபோன்ல அனுப்பிடுங்களேன்க்கா."

"ஃபோன்ல போனா மட்டும் லட்சுமி போகலையா? அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் என்றால் அதுவும் வெள்ளிதானே. அடுத்தடுத்து நாலு கடையிலும் இதே பதில்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்த வேனை வெள்ளிக்கு மாற்றியது யார்? நான்தான். டீசல் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டி முதலாளியிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

"சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"ரெண்டு தடவ சொன்னேன் தங்கச்சி. 'ஷீட்ல ஏத்தியாச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க'ன்னீங்க. எனக்கும் ஜும்மா தொழுகைக்கு ஒரு மணி நேரம் போயிடுது. அத விடுங்க... மகாலட்சுமி சமாச்சாரம் எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல பாருங்க."

தெரியாமல் என்ன? வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்காத வீடு எங்களுடையது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது இதையெல்லாம் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்... நான் மட்டுமா?

மறுநாள் காலையில் முதலாளி அறைக்குப் போனேன்.

"தப்பு பாய் மேல இல்ல சார். வேன் போற கிழமைய மாத்துன என் மேல."

கடைகளில் கேட்ட பதிலையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை நானே யாருக்கும் பைசா குடுக்க மாட்டேன். எனக்கும் தோணலையேம்மா."

லைன் பாயிடமே இருக்கிறது. வேன் மறுபடி வியாழக்கிழமை போகிறது. நாலு வியாழனில் சிவப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

ஷீட்டில் இப்போது ஒரு புது வரிசை சேர்த்திருக்கிறேன். எந்தக் கடையில் எந்தக் கிழமை பணம் கேட்கக் கூடாது என்று. கடை கடையாக பாய் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தது.

"நல்லாருக்கே. யார் போட்டது?" என்றார் முதலாளி.

"பாயும் நானும் சார்."

பாய் பெயரை முதலில் சொன்னேன் பாருங்கள் - ஷீட்டைவிட எனக்கு அதில்தான் பெருமை.